பாமினி இல்லாத கணினி

எனக்குப் பிடித்த கணினி பிரெஞ்சு பேசும். பாரிசில் வாங்கிய மடிக்கணினி, விண்டோஸ் எக்ஸ்பி போட்டது. திரையின் கீழ் மூலையில் பச்சைப் பொத்தானில் 'தெமாரே' என்று இருக்கும், தொடங்கு என்று அர்த்தம். லண்டனுக்குக் குடிபெயர்ந்தபோது சட்டி பானையெல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தோம். இதை மட்டும் பேருந்தில் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். லண்டன் ஓரத்து மோர்டன் வீட்டில் காலையில் தேத்தண்ணீரோடு அதன் முன்னால் உட்கார்ந்தால் திரையில் ஒரு பச்சை மேடும் மேலே நீல வானமும் வரும். அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று யோசித்தபடியே தேத்தண்ணீரை ஆறவிடுவேன். கடலா, ரயில் பாதையா, யாராவது உடுப்புக் காயப்போட்டிருப்பார்களா? வெளியே மோர்டன் மழையில் நனைந்துகொண்டிருக்கும். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதது போல இருக்கும்.

அது 2009. வன்னியில் இருந்த என் தங்கையிடமிருந்து மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு சொல்கூட வரவில்லை. வைகாசியில் சண்டை முடிந்தது. அவளை முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு யாரோ என்று இன்னொருவர் சொன்னார். அவள் உயிரோடு இருக்கிறாளா என்பது ஒன்றுதான் அந்த வருடம் முழுவதும் எனக்குள் கிடந்தது. வேலை, சமையல், இங்கே நான் சொல்ல வந்த கணினிச் சண்டை எல்லாம் தண்ணீருக்கு மேலே மிதக்கும் சருகு மாதிரி அதன் மேலே மிதந்தன. சனிக்கிழமைகளில் மரக்கறி வாங்க ஈஸ்ட் ஹாம் போவேன். ரயில் பூமிக்கு அடியிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும்போது பெட்டிக்குள் எல்லார் முகமும் ஒரு கணம் எனக்குத் தெரிந்த முகமாகிவிடும். கடையில் தெரிந்தவர்கள், "தங்கச்சி ஏதும் தொடர்பு கொண்டவவோ?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பேன்.

என் கணவருக்கு அந்த வருடம்தான் லினக்ஸ் பைத்தியம் பிடித்தது. வேலையிடத்தில் யாரோ அதன் இறுவட்டு ஒன்றை, எக்ஸ்பிக்குப் பதிலாகப் போடலாம் என்று, கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பிரசங்கம்.

"இது ஆருக்கும் சொந்தமில்லை, தெரியுமோ? எல்லாருக்கும் சொந்தம். வைரஸும் வராது."

"அப்ப பழுதானால் ஆரைப் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"பழுதாகாதப்பா."

சமையலறையும் எல்லாருக்கும் சொந்தம்தானே, ஒரு நாள் வந்து பாத்திரம் கழுவுங்கோ என்றேன். அது அவர் காதில் விழவில்லை. என் எக்ஸ்பியையும் மாற்றியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் முடியாது என்றால் முடியாதுதான். ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தபோது பச்சை மேடு இல்லை. மண்ணிறத்தில் ஒரு திரை. எங்கோ தூரத்தில் யாரோ மேளத்தைத் தட்டிப் பார்த்தது போல ஒரு சத்தம். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். அன்றைக்கு வந்தது மூக்கோடு நிற்கவில்லை. கையில் இருந்த குடை கதவில் போய் மோதியது.

"உம்மட படம் எல்லாம் பத்திரமா இருக்கு," என்றார். படங்கள் இருந்தன. பாமினி இல்லை.

பாமினி என்பது ஓர் எழுத்துரு. பாரிசில் ஓர் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடித்துக்கொடுத்த காலம் முழுவதும் என் விரல்களில் இருந்தது அதுதான். அதில் தட்டினால் கணினி தனக்குள் வைத்திருப்பது வெறும் ஆங்கில எழுத்துகளை. பாமினி அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடும், அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் சட்டை கழன்று, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் குப்பை மாதிரித் தெரியும். புதிய முறையில் வருகிற தமிழை அவருடைய லினக்ஸ் அழகாகவே காட்டியது, அதைப் பொய் சொல்லக் கூடாது. "இப்ப உலகம் முழுக்க யூனிகோட். பாமினி எல்லாம் அந்தக் காலம்," என்றார் அவர். எனக்கும் தமிழில் தட்ட ஒன்றும் இருக்கவில்லை. யாருக்கு எழுதுவது? சில நாட்களில் அந்த மண்ணிறத்தோடும் பழகிக்கொண்டேன். ஆனாலும் காலையில் அதன் முன்னால் உட்காரும்போது கண் தன்பாட்டில் பச்சையைத் தேடும்.

புரட்டாதியில் அவர் ஒரு தொடுதிரைக் கைபேசி வாங்கினார். என்னிடம் இருந்தது பொத்தான் வைத்த பழையது. அமுக்கினால் அமுங்கியது என்று விரலுக்குத் தெரியவேண்டும், அதுதான் என் கொள்கை. அவரோ நாள் முழுக்கக் கண்ணாடியில் தூசி துடைப்பது போலத் திரையைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கென்று எங்களுக்கு இருந்தது ஒரே மின்னஞ்சல், அவர் பெயரில்; ஊர் ஆட்களுக்கும் அதைத்தான் கொடுத்திருந்தோம். அதுவும் அந்தக் கைபேசிக்குள் போய்விட்டது. தமிழ் மட்டும் அதில் தெரியாது. கட்டம் கட்டமாக வரும்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் குரோய்டனில் எனக்குக் குளிருக்குக் கோட் வாங்கிக்கொண்டு ட்ராமில் திரும்பினோம். ட்ராம் தெருவை விட்டு மரங்களுக்குள் நுழைந்து, யாருடைய தோட்டங்களுக்கோ பின்னால் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளாக, படுத்த மாதிரி வந்தது. கண்ணாடியில் என் முகமும் அதற்குள் வெளியே இருந்த இலைகளும் ஒன்றாக ஓடின. நான் அரைத் தூக்கத்தில் இருந்தேன். அந்த வருடம் முழுவதும் நான் அப்படித்தான் இருந்தேன் என்றும் சொல்லலாம்.

"இஞ்ச பாரும், எவ்வளவு குப்பை வருது. திரும்பத் திரும்ப இதே ஆள்தான்," என்று அவர் கைபேசியை என் பக்கம் சாய்த்துக் காட்டிவிட்டு, அழிக்கப் பெருவிரலைக் கொண்டுபோனார்.

நான் சும்மா பார்த்தேன். எம், எஃப், அரைப்புள்ளி, எஃப், எச்.

எம் என்றால் அ. எஃப் என்றால் க. அரைப்புள்ளி தலையில் வைக்கிற புள்ளி. எச் துணைக்கால். நான் எழுத்துக் கூட்டவில்லை. என் விரல்கள் மடியில் கிடந்த பைக்கு மேலே தாமாகவே அசைந்தன, அதன் பிறகுதான் தலைக்கு எட்டியது. அக்கா.

"அழிக்காதையுங்கோ!" என்று கத்தினேன். முன்னால் இருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தார். கைபேசியைப் பறித்தேன். திரை என் விரல் பட்டு மேலும் கீழும் வழுக்கியது. அவர் தன் கையால் அதை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஆங்கில எழுத்தாகக் கிடந்ததை நான் வாய்விட்டுத் தமிழில் வாசிக்க, அவர் என் வாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நான் முகாமில இருக்கிறன். கால் காயம் மாறிக்கொண்டு வருது. இஞ்ச வந்துபோற ஒராளிட்டை எழுதின துண்டைக் குடுத்து வவுனியாவில ஒரு கணினிக் கடையில அடிப்பிக்கிறன். பதிலையும் அவர்தான் கொண்டுவந்து தருவார்."

அதுவரைக்கும் வாசித்தேன். ட்ராம் ஒரு தரிப்பிடத்தில் நின்றது. எங்களுடைய இடம் இன்னும் வரவில்லை, ஆனாலும் இறங்கிவிட்டேன். என்னால் உள்ளே இருக்க முடியவில்லை. அவர் கோட் இருந்த பையோடு பின்னால் ஓடிவந்தார். ட்ராம் போன பிறகு அங்கே நாங்களும் ஈர இலைகளும்தான். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் இருக்கிறாள்! யாரையாவது கூப்பிட்டுச் சொல்லவேண்டும் போல இருந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"முந்தியும் வந்ததப்பா," என்றார். "இதே மாதிரி. வைரஸ் எண்டு நினைச்சு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்."

அந்த நேரம் கையில் குடை இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். தோளில் இருந்து பை சரிந்து நிலத்தில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் மிச்சத்தை வாசிக்கத் தொடங்கினேன். இந்தத் தரம் வாய்விட்டு அல்ல.

"எத்தினை தரம் எழுதிப்போட்டன், உங்களிட்டை இருந்து ஒண்டும் இல்லை. மற்ற ஆக்களுக்கு வெளிநாட்டில இருந்து பதில் வரேக்க நான் அங்கால போய் நிப்பன். முதல் கோபம் எண்டு நினைச்சன். நீங்கள் என்னோட கோபிக்க மாட்டியள். அதுதான் பயமாக் கிடக்கு. அங்க உங்களுக்கு என்ன நடந்தது எண்டு நான் ஆரைக் கேக்கிறது? நீங்கள் இருக்கிறியளோ அக்கா?"

"என்னவாம்?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார்.

பதில் எப்படி எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பாமினி இல்லாத அந்தக் கண்ணாடியில், ஒரு தமிழ் எழுத்தும் கண்ணுக்குத் தெரியாமல், பாமினியின் ஆங்கில எழுத்துகளாகவே தட்டத் தொடங்கினேன். கைபேசி ஒவ்வொரு சொல்லையும் பிழை என்று நினைத்து ஏதோவோர் ஆங்கிலச் சொல்லாக மாற்றப் பார்த்தது. நான் திரும்பத் திரும்ப அழித்து அடித்தேன். மழை தூறியது. அவர் புதுக் கோட்டைப் பையிலிருந்து உருவி, என் தலைக்கும் திரைக்கும் மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முகாமில் இருக்கிறவளுக்கு, மோர்டனில் வீடும் வேலையும் சூடான தேத்தண்ணீரும் உள்ளவள் அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"அழாதை, நான் உயிரோட இருக்கிறன்."