மூன்றாம் நம்பர் புட்டி

அந்த அட்டைப்பெட்டியின் மேல் ‘காலண்டர் சாம்பிள்’ என்று பட்டை மார்க்கரில் எழுதியிருந்தது. சிவகாசியிலிருந்து வேலையாட்களை ஏற்ற வரும் கம்பெனி வேனில் வந்து, விருதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது. உள்ளே உள்ளங்கை உயரத்தில் நான்கு கண்ணாடிப் புட்டிகள். நான்கிலும் வைன். ஒவ்வொன்றையும் தடித்த வெள்ளைத் தாளால் சுற்றி, கழுத்தில் ஒன்று முதல் நான்கு வரை நம்பர் ஒட்டியிருந்தது. மாமியார் பார்த்தாலும் சந்தேகம் வரக்கூடாது என்றுதான் மேலே அப்படி எழுதியிருந்தாள். அனுப்பியவள் என் பள்ளித்தோழி. ஒன்பதாம் வகுப்பில் லீடராக இருந்தவள். நாற்பத்தைந்து வயதிலும், ஒன்றாகப் படித்த எங்கள் நாலு பேருக்குள் அவள் லீடர்தான். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிவகாசியின் பெரிய ஆப்செட் அச்சுக் கம்பெனி ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் அவள். கணவர் பெயருக்கு முதலாளி. ஆர்டர் பிடிப்பது, ரேட் பேசுவது எல்லாம் இவள். பெங்களூரில் யாரோ நடத்திய வைன் விருந்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து தலைகால் புரியவில்லை. எந்த நாடு, என்ன நிறம், என்ன விலை என்று எதுவும் தெரியாமல், மூக்கையும் நாக்கையும் மட்டும் நம்பிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். அதை நாங்களும் செய்ய வேண்டுமாம். சிவகாசியில் நாலு பொம்பளைகள் ஒரு வீட்டில் கூடி வைன் குடித்தால் மறுநாள் ஊரே பேசும். அதனால் வீடியோ கால். ஊரே உண்டு உறங்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. நிறம் தெரியக்கூடாது என்பதற்காக எவர்சில்வர் டம்ளர். “நான் சொல்லுற வரைக்கும் ஒருத்தியும் பேப்பரப் பிரிக்கக் கூடாது” என்று வாட்ஸப்பில் உத்தரவு வேறு.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்றால், எனக்கு அப்போது அவளை விட்டால் பேசுவதற்கு ஆள் கிடையாது. அப்பா விட்டுப்போன சின்ன பிரஸ்ஸை நான் நடத்திக்கொண்டிருந்தேன். நாலு கலர் மெஷின் ஒன்று, ஆட்கள் ஏழு பேர். வருஷத்தில் பாதி வேலை ஒரே ஆர்டரில் வரும். அது எண்ணெய் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் காலண்டர். அப்பாவின் முதல் கஸ்டமர் அவர். அந்த வருஷம் மட்டும் ஆடி பிறந்தும் பிடிகொடுக்காமல் “பாப்போம் தாயி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி வெள்ளிக்கு லீடர் என்னை இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் காரில் கூட்டிப் போனாள். ஆற்று மணலில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணாச்சி நழுவுவதை, ரேட்டை, அவருக்காக நான் செய்து வைத்திருந்த டிசைனை. “இந்த ஆர்டரும் போயிட்டா மெஷின வித்துட்டுப் போகவேண்டியதுதான்” என்றும் சொன்னேன். அழுகையில் வந்த வார்த்தை அது. அவள் என் முதுகைத் தடவி, “அப்படிலாம் பேசாத. அந்த டிசைன எனக்கு அனுப்பு, எங்க டிசைனர்ட்ட காமிச்சு நல்லா இருக்கான்னு கேட்டுச் சொல்லுதேன்” என்றாள். வீடு வந்து சேர்ந்ததும் அனுப்பினேன். இத்தனை வருஷம் தொழில் செய்தவள் எவளாவது ஒரிஜினல் ஃபைலை அனுப்புவாளா? நான் அனுப்பினேன். அதன்பிறகு அண்ணாச்சியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

சிறுவயதிலும் அவள் இப்படித்தான் என்று இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு வாரம் கண்விழித்து நான் வரைந்த மாவட்ட வரைபடத்தின் பக்கத்தில் குச்சியோடு நின்று, வந்தவர்களுக்கு விளக்கியவள் அவள். பரிசு வாங்கியதும் அவளே. ‘அவளுக்குத்தான் நல்லா பேசவரும்’ என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். நம் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, நம் வாயாலேயே நன்றியும் வாங்கிக்கொள்வது அவளுக்குக் கைவந்த கலை.

தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிறு. திரையில் நான்கு கட்டங்கள். கோயம்புத்தூரிலிருந்து டாக்டர், சென்னையிலிருந்து பேங்க்காரி, சிவகாசியிலிருந்து பட்டுப்புடவையில் லீடர், அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு நான். ஒன்றாம் நம்பரை ஊற்றிக் குடித்தோம். இரண்டு நாள் புளித்த பதநீர் போலிருந்தது எனக்கு; அதையே சொன்னேன். டாக்டர், இருமல் மருந்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லை என்றாள். லீடர் முகம் சுளித்து, கையில் இருந்த குறிப்பைப் பார்த்து, நனைந்த மண், நாவல்பழம், பழைய தோல்பை என்று வாசித்தாள். எங்களுக்கு மார்க்கும் போட்டாள். பத்துக்கு எனக்கு இரண்டு. “ஒனக்கு ருசியே தெரியாதுடி. மோந்து பாத்து, நாக்குல உருட்டி, பொறுமையாச் சொல்லணும்” என்றாள். தோல்பையை மென்று பார்த்தவள் போலப் பேசுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சிரித்தேன்.

மூன்றாம் நம்பரை ஊற்றும்போது கை தடுமாறி, புட்டியின் மேல் வழிந்துவிட்டது. ஒட்டியிருந்த டேப் ஈரத்தில் விட்டது. தடித்த அச்சுத்தாளைச் சுருட்டி வைத்தால் அது நிமிரத்தான் பார்க்கும். மேஜை மேல் தானாகவே விரிந்தது. வெளியே வெள்ளை, உள்ளே அச்சு. மெஷினில் கலர் சரியாக வரும் வரை ஓட்டிக் கழிக்கும் வேஸ்ட் ஷீட். எங்கள் பக்கத்தில் பார்சல் கட்டுவதிலிருந்து அலமாரிக்கு விரிப்பதுவரை அதுதான். யாரும் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கமாட்டோம். அத்தனை விலையுள்ள வைனை வாங்கியவளுக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்தத் தாளில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வயதில், தலை நிறைய எண்ணெய் வைத்து இரட்டைச்சடை போட்டு, மத்தாப்புப் பிடித்து நின்றவளை நான் எடுத்த படம் அது. அண்ணாச்சிக்காக நான் செய்த டிசைன். முன்பல் விழுந்த பொக்கைச் சிரிப்புதான் அந்தப் படத்துக்கே அழகு. அவளுடைய டிசைனர் அந்த இடத்தில் எங்கிருந்தோ ஒரு பல்லைக் கொண்டுவந்து நட்டிருந்தான். மற்ற மூன்று புட்டிகளின் தாளையும் உரித்தேன். ஒன்றில் வெறும் நீலப் பின்னணி. ஒன்றில் சடையும் தோளும். நாலாவதில் அண்ணாச்சியின் கடைப்பெயர், கொட்டை எழுத்தில். பிள்ளையைத் திருடிக்கொண்டு போய்ப் பல் கட்டி விற்றிருக்கிறாள். அந்தத் தாளிலேயே சுற்றி எனக்கு வைனும் அனுப்பியிருக்கிறாள்.

“என்னடி, மூணாம் நம்பர் எப்படி இருக்கு? பொறுமையாச் சொல்லு” என்றாள் லீடர். நான் தாளைத் தூக்கிக் கேமரா முன்னால் பிடித்தேன். அவள் முகம் ஒரு கணம்தான் மாறியது. பிறகு பக்கத்தில் எதையோ பார்ப்பதுபோலக் குனிந்தாள். “இது என் மகடி” என்று நான் கத்த ஆரம்பித்தேன். இருக்கன்குடி மணலில் சொன்னதையெல்லாம் எடுத்துப் போய் விற்றாயா என்று கேட்டேன். என்னென்னவோ கேட்டேன். டாக்டரும் பேங்க்காரியும் அதே முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஒன் மைக் ஆஃப்ல இருக்குடி” என்றாள் டாக்டர். லீடர் என் வாயை அடைத்திருந்தாள். கால் அவள் போட்டது. அந்தப் பொத்தான் அவள் கையில். “அவளுக்கு நெட்டு சரியில்ல போல. நாம நாலாம் நம்பருக்குப் போவோம்” என்றாள். பேங்க்காரி மட்டும் தாளை உற்றுப் பார்த்து, “அழகா இருக்கே, யாரு கொழந்தை?” என்று கேட்டாள். நான் லேப்டாப்பை மூடிவிட்டு மூன்றாம் நம்பரை வாஷ்பேசினில் ஊற்றினேன்.

மறுநாள் காலையில் அந்த நான்கு துண்டுகளோடு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. “நீ மெஷின விக்கப்போற, அதான் டிசைன அவுககிட்டயே குடுத்துட்டன்னு அந்தம்மா வந்து சொன்னாகளே தாயி. தோழிக்காரிதானேன்னு நம்பிட்டேன்” என்றார். விற்கவில்லை அண்ணாச்சி, என்றேன். அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பாதி அடிச்சு லோடு வந்துருச்சு. மிச்சப் பாதி இனிமேதான். அந்தம்மாவ ஒரு வார்த்த எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு, தப்பாச் சொல்லிட்டேன்னு. அந்தப் பாதிய நீயே அடி. நடுவுல நான் எதை நம்ப, எதை விட?” என்றார்.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவள் போன் எடுக்கவில்லை, சிவகாசிக்கே போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காபி வரவழைத்தாள். “நான் பொய் சொன்னேன்னு நானே போய் நிக்கணுமா? நீதான விக்கப்போறேன்னு அழுத?” என்றாள். பிறகு குரலை இறக்கி, “தொழில் வேற, பழக்கம் வேறடி. ஒத்த ஆர்டருக்காக இம்புட்டு வருஷப் பழக்கத்தக் கெடுத்துக்கிடாத” என்றாள். என்னை நம்பி ஏழு குடும்பம் நிற்கிறது என்றேன். ஆட்களை அவள் கம்பெனிக்கு அனுப்பிவிடச் சொன்னாள், வேன் வந்து ஏற்றிக்கொள்ளுமாம். காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன். அவள் மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பு இன்றுவரை ஒரு சொட்டுக் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

தை மாதம் காரியாபட்டிப் பக்கத்துச் சின்ன ஆர்டர்கள் இரண்டை வைத்து ஓட்டிப் பார்த்தேன், முடியவில்லை. மாசியில் மெஷினை விற்றேன். அவள் சொன்ன பொய்யை நானே மெய்யாக்கிக் கொடுத்தேன். ஆட்களில் ஐந்து பேர் இப்போது அவளுடைய வேனில்தான் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரோடு கல்யாணப் பத்திரிகைகளுக்கு டிசைன் செய்து கொடுக்கிறேன். விருதுநகரில் எந்தக் கடைக்குப் போனாலும் என் மகள் சுவரில் தொங்குகிறாள், முழுப்பல்லோடு. நானும் லீடரும் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்து டாக்டர் போன் செய்து, “அவளும் வருத்தமாத்தான் இருக்கா, விட்டுக்குடுத்துப் போகலாமே” என்றாள். எதை இன்னும் விட்டுக்கொடுக்க என்று கேட்டேன்.

போன வைகாசியில் அந்த டாக்டரின் மகளுக்கு இங்கேதான் கல்யாணம். பந்தியில் நான் உட்கார்ந்தபோது பக்கத்து இலை காலியாக இருந்தது. எதிர்வரிசையில் எங்களுக்குத் தெரிந்த வியாபாரக் குடும்பங்கள் எல்லாம் இருந்தன. லீடர் வந்தாள். நாற்காலியை இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டே, “இன்னும் எம்மேல கோவமாடி?” என்றாள். அந்த இடத்தில் என்ன பதில் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி, நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். எதிர்வரிசையும் அதற்காகத்தான் சிரித்த முகத்தோடு காத்திருந்தது.

“ஆமா” என்றேன். “இங்கன உக்காராத.”

நாற்காலி மேல் வைத்த கையை எடுத்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறு வரிசைக்கு நடந்தாள். உப்புக் கிண்ணத்தோடு வந்த பரிமாறுகிற பெரியவர், அந்த இலையில் வைக்கலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். வேண்டாம், இந்த இலைக்கு ஆள் இல்லை என்றேன்.