ஹல்துமுல்லையில் ஒரு காற்று வண்டி

பண்டாரவளையில் காலை 7.10க்குப் பஸ் ஏறினேன். ஹல்துமுல்லைக்கு டிக்கெட் நூற்றெழுபது ரூபாய். ஹப்புத்தளையைத் தாண்டியதும் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார் கண்டக்டர். ஆடி மாதக் காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது. அந்தக் காற்றை நம்பித்தான் நான் மன்னாரிலிருந்து வந்திருந்தேன்.

புஷ்பம், கொழும்பில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் என் பக்கத்து மெஷினில் தைத்தவள். இப்போது கணவர் செல்வராஜுடன் ஹல்துமுல்லைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவர். இருவருமாகக் காற்றில் ஓடும் வண்டி ஒன்று செய்திருப்பதாக அவள் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை.

8.30க்கு இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் ஏறினேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலிலேயே நின்றது வண்டி. மூன்று சைக்கிள் சக்கரங்கள், பழைய தண்ணீர்க் குழாய்களை வெல்டிங் செய்த சட்டம், ஆட்டோவிலிருந்து கழற்றிய இருக்கை, மூங்கில் பாய்மரம். பாய், ஏதோ லொறி கழித்துப்போட்ட தறப்பாள்.

"தையல் என்னோடது. எங்கயாவது பிரியுதான்னு இழுத்துப் பாருங்கக்கா" என்றாள் புஷ்பம். இழுத்தேன். ஒரு நூலும் அசையவில்லை.

பத்து மணிக்கு அதைத் தோட்டத்து மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்தச் சரிவுகளில் சமமான இடம் அது ஒன்றுதான். நீளம் நூற்றிருபது மீட்டர். முடிவில் வேலி கிடையாது, பள்ளம். அங்கே போன பிறகுதான் செல்வராஜ் சொன்னார்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி கவுந்துருச்சுங்க. இவ மணிக்கட்டு ஒடஞ்சி, இப்பதான் கட்டுப் பிரிச்சோம். வேணாம்னா கேக்க மாட்டேங்குறா."

"அக்கா பின்னால பாரமா உக்காந்தா கவுராதுங்க" என்றாள் அவரிடம்.

சிரித்துக்கொண்டே ஏறினேன். புஷ்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கயிற்றை இழுத்ததும் பாய் புடைத்தது. முதலில் நடை வேகம், பிறகு ஓட்டம். பாதி மைதானத்தில் நான் சின்னப்பிள்ளை போலக் கூவிக்கொண்டிருந்தேன். அப்போது வலப்பக்கமிருந்து பெருங்காற்று ஒன்று அடித்தது. அவள் கயிற்றைத் தளர்த்தினாள். அது கப்பியில் சிக்கிவிட்டது. பிரேக்கைப் பிடித்தாள், கம்பி அறுந்தது. பள்ளம் தெரிந்தது.

"அக்கா, வலப்பக்கம் சாயுங்க!"

காற்று வரும் திசைக்கே ஹாண்டிலை ஒடித்தாள். வலச் சக்கரம் மேலே கிளம்பியது. உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் தொங்கவிட்டேன். வண்டியின் முகம் காற்றுக்கு நேராகத் திரும்பியதும் பாய் தளர்ந்து படபடத்தது. சக்கரம் தரையில் இறங்கியது. நின்றோம்.

ஓடிவந்த செல்வராஜ் அவள் மணிக்கட்டைத்தான் முதலில் பிடித்தார்.

"வலிக்குதா?"

"இல்லங்க."

அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே எட்டடி இருந்தது. புஷ்பமும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம், கண்ணீரும் வந்தது.

மத்தியானம் ரொட்டியும் சம்பலும். அன்றைக்குப்போல் பசித்துச் சாப்பிட்டு எனக்கு ஞாபகமில்லை.

3.20 பஸ்ஸுக்கு வழியனுப்ப இருவரும் தெருவுக்கு வந்தார்கள்.

"உங்க மன்னார்ல எவ்வளவு தூரம் ஓட்டலாங்கக்கா?"

"கண்ணுக்கு எட்டின மட்டும் வெளிதான். பள்ளமே இல்ல."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. எங்கள் ஊர்க் காற்றை நாங்கள் திட்டத்தான் பழகியிருக்கிறோம்: கொடித்துணி பறக்கிறது, சோற்றில் மணல் விழுகிறது என்று.

புஷ்பம் கணவரைப் பார்த்தாள். "கழட்டினா பஸ்ல ஏத்தலாங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மூங்கிலு வேணாம், அங்க கம்பு கெடைக்கும். மத்ததெல்லாம் ஏறும். ஆனா பிரேக்கு ரெண்டா போடணும்."