பன்னிரண்டாம் அறையில் ஏழு பேர்

“சீசன் வரட்டும் பாப்பா. சீசன்ல சாமி கும்பிடவும் நேரம் இருக்காது, உண்மை பேசவும் நேரம் இருக்காது.”

பட்டாசுக் கம்பெனி அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வாரம், மேனேஜர் அண்ணாச்சி இப்படிச் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, சாயங்காலம் மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன் நான் ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபிப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. அவரும் ஒவ்வொரு தாளின் தலையிலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பார். இருவருக்கும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் என்னுடையதுதான் அவர் கண்ணில் பட்டது.

இன்று காலை சிவகாசி அச்சகத்திலிருந்து புதுப் பதிவேடுகள் வந்து இறங்கின. மேலே இருந்ததைப் பிரித்தேன். பைண்டிங் பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் அண்ணாச்சியின் பேச்சு நினைவுக்கு வந்தது. அவருக்கும் பின்னால், எங்கள் வீட்டு அடுப்பில் கொதித்த பசைச் சட்டி நினைவுக்கு வந்தது.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அம்மா பகலில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைப்பார். வீடு திரும்பியதும் காகிதக் குழாய் உருட்ட உட்காருவார். அதற்கான பசை மைதா மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சியது. துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அம்மாவின் நகக்கண்களில் எப்போதும் ஒரு பச்சை நீலம் இருக்கும். பள்ளியில் நகப்பூச்சு பூசிய டீச்சரைப் பார்த்தபோது, இவரும் குழாய் உருட்டுவார் போல என்று நான் நினைத்ததுண்டு.

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் முதுகு பிய்ந்தபோதும் அம்மா அந்தப் பசையைத்தான் தடவி ஒட்டினார். பிய்ந்ததற்குக் காரணம் வாசித்தது அல்ல. யாருக்காவது காய்ச்சல் வந்தால் தலையணைக்கு அடியில் வைப்போம், அப்படி நசுங்கியது. மற்ற நாட்களில் அது மஞ்சள் துணியில் சுற்றி, எலி ஏறாத உயரத்தில் இருக்கும். சபையில் கொடுத்த புத்தகம். அதைத் திறந்தால் வாசிக்க வீட்டில் ஆள் கிடையாது. அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அவருக்கும் எழுத்து தெரியாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டாமல் நான் வாசிப்பதைக் கேட்ட அன்றே அம்மா துணியை அவிழ்த்துப் புத்தகத்தை என் மடியில் வைத்தார். தினமும் மாலை ஏழு மணிக்கு ஓர் அதிகாரம். முதல் பக்கத்திலிருந்து. எதையும் தாண்டக் கூடாது. அவர் குழாய் உருட்டியபடியே கேட்பார்.

எதையும் என்றால் எதையும்தான். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் வருமே, அதையும் விடக்கூடாது. என் நாக்குக்குள் நுழையாத பெயர்கள். ஒருநாள் அலுத்துப்போய், இதெல்லாம் வெறும் பேருதாம்மா, விட்டுறலாம் என்றேன்.

“அம்புட்டுப் பேரும் ஒரு தாய் பெத்த புள்ளைதான. வாசி.”

வாசித்தேன். வேறென்ன செய்ய?

இந்தப் பிடிவாதம் அவருக்கு அரிசியிலும் உண்டு. எங்கள் சபைப் பெண்களிடம் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருக்கிறது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது சபைக் கோவிலுக்குப் போகும், இல்லாத வீட்டுக்குப் போய்ச் சேரும். நாங்களே இல்லாத வீடுதானே என்று எனக்குத் தோன்றும். அரிசி குறைவாக இருந்த நாளில், சாப்பிட்டு மிஞ்சினால் போடலாமே என்று யோசனை சொன்னேன். மிஞ்சுறதைக் கோழிக்குப் போடலாம் என்றார் அம்மா.

விருதுநகரில் பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பிடி அரிசிதான் என் மனதில் இருந்தது. வேலை நாளின் முதல் நிமிடத்தை எடுத்து வைத்துவிட வேண்டும், மிஞ்சுகிற நிமிடத்தை அல்ல. காலை ஜெபம், அலுவலகத்தில் ஒரு நிமிடம், மாலையில் ஓர் அதிகாரம். பெரிய காரியம் ஒன்றும் இல்லை. விடாமல் செய்வதுதான் கஷ்டம்.

சீசன் வந்தது.

ஆடி கழிந்தால் எங்கள் பக்கம் வேறு உலகம். வடக்கேயிருந்து ஆர்டர் மேல் ஆர்டர். லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும். வெடிமருந்து கையாளும் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது விதி. தீ பிடித்தால் நாலு பேர் ஓடிவிடலாம், ஏழு பேர் வாசலில் முட்டிக்கொள்வார்கள். அந்தச் சீசனில் பன்னிரண்டாம் எண் அறையில் போர்மேன் ஏழு பேரை உட்கார வைத்தார். நாலு பெயரைப் பதிவேட்டில் எழுது, மீதி மூன்றையும் கூலிக் கணக்குக்காகத் துண்டுச் சீட்டில் எழுதி டிராயரில் போடு என்றார் அண்ணாச்சி. எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்றார்.

எழுதினேன். ஒன்றும் சொல்லாமல் பன்னிரண்டு நாள் எழுதினேன். இதை மறைத்துவிட்டு என்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ள ஆசைதான், ஆனால் நடந்தது இதுதான். காலை ஒரு நிமிடம் அரை நிமிடமானது. பிறகு பேனாவின் மூடியைக் கழற்றுகிற நேரமானது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். சொல்லிக்காட்டவில்லை. அவர் நல்ல மனிதர்.

மாலையில் கம்பெனி வேன் என்னை இறக்கிவிடும்போது கால் கெஞ்சும். அந்த வாரம் முறைப்படி வந்த அதிகாரம், இடிந்த மதிலைக் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல். யார் எந்த வாசலிலிருந்து எதுவரை கட்டினார் என்று நீளமாகப் போகும். நாங்கள் அதற்குள் புத்தகத்தை முழுதாக மூன்று தடவை முடித்திருந்தோம். அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நான்கைந்து வசனங்களைத் தாண்டினேன். அம்மாவின் கை நின்றது.

“பாதிப் பேரைக் காணுமே. லீவு போட்டுட்டாகளா?”

சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. தன் மகள்களையும் கூட்டி வந்து மதில் கட்டிய ஒருவர் அதில் வருவாரே, அவர் எங்கே என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அம்மா என்னை நிறுத்தி இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுவார். திரும்பப் போய் வாசித்தேன். அந்த மகள்களுக்குப் பெயர் போட்டிருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டார். இல்லை, மகள்கள் என்று மட்டும்தான் இருக்கிறது என்றேன்.

“மண்ணு சுமந்திருக்காக. பேரு மட்டும் இல்ல.”

துண்டுச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. குழாயை உருட்டிக்கொண்டே, தன் பெயரும் பாதி நாள் சீட்டில்தான் இருந்தது என்றார். எனக்கு அது தெரியாது. பதின்மூன்று வருடம் ஒரே வீட்டில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

“எனக்குப் படிக்கத்தான் தெரியாது தாயி. எம் பேரு எப்படி இருக்கும்னு தெரியும். நோட்டுல தேடிப் பாப்பேன். இருந்துச்சுன்னா, வெடிச்சாலும் நான் உள்ள இருந்தேன்னு தெரியும், அன்னைக்குப் பயமில்லாம உள்ள போவேன்.”

என்னிடம் இதைச் செய், அதைச் செய் என்று அவர் எதுவும் சொல்லவில்லை. மீதி அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்.

மறுநாள் அலுவலகத்தில் என் ஒரு நிமிடத்தை முழுதாக எடுத்தேன். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கும். பிறகு பன்னிரண்டாம் அறைக்கு நேராக ஏழு பெயரையும் மையால் எழுதினேன். ஆறாவது பெயர் கோணலாகிவிட்டது.

பத்து மணிக்கு அண்ணாச்சி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அதிகாரி இன்னைக்கு வந்தா இந்த ஒரு தாளு போதும் பாப்பா, கம்பெனியைப் பூட்ட. தெரிஞ்சுதான் எழுதுனியா?”

“தெரிஞ்சுதான் அண்ணாச்சி. மூணு பேரை வெளிய கூப்பிடுங்க, நோட்டுல அந்த மூணு பேரையும் அடிச்சிருதேன். அவுக உள்ள இருக்கையில நோட்டுல இல்லன்னு எழுத மாட்டேன்.”

“உனக்குப் பதிலா நாளைக்கே ஒரு ஆளு வருவாக.”

“வரட்டும். இன்னைக்கு நான்தான் இருக்கேன்.”

இவ்வளவு துடுக்காகப் பேசினேனா என்று இப்போது நினைத்தால் வியர்க்கிறது. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அம்மா கம்பெனி வேலையை விட்டிருந்தார். அண்ணாச்சி பதிவேட்டை மூடினார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் பன்னிரண்டாம் அறைக்கு அவரே நடந்தார். மூன்று பேர் வெளியே வந்தார்கள். பெட்டி ஒட்டும் கொட்டகைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த மூன்று பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள் என்று நினைக்கிறீர்களா? பெட்டி ஒட்டினால் கூலி குறைவு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களில் மூத்தவரான செல்வக்கனி அக்கா என் ஜன்னலுக்கு வந்தார். மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார் பாவம்.

“நீ ஜெபம் பண்ணு, யாரு வேணாங்கா? எங்க பொழப்புல ஏன் கை வைக்க?”

அதற்கு இப்போதும் முழுதான பதில் என்னிடம் இல்லை. அன்று தூக்குவாளியைத் திறக்கவே பிடிக்கவில்லை. ஒரு வாரம் யாரும் என்னோடு சேர்ந்து சாப்பிடவில்லை. அந்த வாரம் என்னைத் தாங்கியது வீரமெல்லாம் இல்லை, பழக்கம்தான். மனம் வராத காலையிலும் எழுந்தேன், முட்டி போட்டேன். சொல்ல வார்த்தை வராத நாட்களில் பன்னிரண்டாம் அறையின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அதுவே ஜெபமாக இருந்தது.

அந்தச் சீசனில் எங்கள் கம்பெனியில் விபத்து எதுவும் நடக்கவில்லை. நடக்காததற்கு நான் காரணம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. என்னை வேலையைவிட்டும் அனுப்பவில்லை. பூட்டிக்கிடந்த இரண்டு அறைகளைச் சுத்தம் செய்து, உரிமத்தில் இருந்தபடி திறந்தார்கள். செல்வக்கனி அக்கா திரி வேலைக்குத் திரும்பினார். என்னோடு இன்றைக்கும் சரியாகப் பேச மாட்டார். ஆனால் தினமும் காலையில் ஜன்னல் முன் நின்று இனிஷியலோடு தன் பெயரைச் சொல்லி, என் பேனா எழுதி முடிக்கும்வரை நகராமல் நிற்பார்.

எவ்வளவோ போய்விட்டது. வீட்டில் குழாய் உருட்டுவது நின்றுவிட்டது. இப்போது எல்லாம் மிஷின். அம்மாவின் நகங்கள் வெளுத்து, வேறு யாருடைய விரல்களோ போல் இருக்கின்றன. ஏழு மணி வாசிப்பும் இல்லை. வேன் என்னைக் கொண்டுவந்து விட இரவு எட்டாகிவிடுவதால் காலை ஐந்து மணிக்கு மாற்றிக்கொண்டோம். நான் இல்லாத நேரத்தில் கேட்க அம்மாவுக்கு மொபைலில் வேதவாசிப்பு போட்டுக்கொடுத்தேன். அந்த ஆள் மூச்சு விடாமல் வாசிக்கிறான், நிறுத்திக் கேள்வி கேட்க முடியவில்லை என்று குறைப்படுகிறார். அண்ணாச்சி ஓய்வு பெற்று மதுரையில் மகன் வீட்டோடு போய்விட்டார். என் மேசை டிராயரில் துண்டுச் சீட்டு என்று ஒன்று கிடையாது.

ஆனால் ஓர் அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்று தினமும் வாசலில் நின்று சொல்வது பதிவேடு அல்ல, போர்மேன். நான் உள்ளே போனவர்களை எழுதுகிறவள் மட்டும்தான். எங்கள் கம்பெனியில் இதுவரை போர்மேன்கள் எல்லோரும் ஆண்கள். போர்மேன் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். போன திங்கட்கிழமை முதல் வகுப்பு. வாசிப்பு நேரம் போய்விடக் கூடாது என்று நாலரைக்கே எழுந்து ஓர் அதிகாரத்தை முடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.