இஞ்சினுக்கு நல்ல தண்ணீர்

என் அம்மாவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவள் கரி தின்பாள், புகை விடுவாள், தெருவில் நடந்து போனால் எங்கள் காலடிப்பேட்டை வீட்டுப் பரண்மேல் கவிழ்த்து வைத்த பாத்திரமெல்லாம் கிடுகிடுவென்று ஆடும். நைனா ஓட்டிய ரோடு இஞ்சினைத்தான் சொல்கிறேன். கப்பிக்கல் கொட்டிய ரோட்டை நசுக்கிச் சமப்படுத்துவதற்கு நீராவியில் ஓடும் அந்தப் பெரிய உருளை வண்டியை அப்போது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். சக்களத்தி என்று பெயர் வைத்தது அம்மா. அவள் பாதி வேடிக்கையாகச் சொன்னதை நான் முழுசாக நம்பினேன். எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது.

நம்பாமல் என்ன செய்வது? வேலை விட்டதும் மற்ற பெண்களின் அப்பாக்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நைனா இஞ்சினைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். முன்னுருளையில் அப்பிக் காய்ந்த மண்ணைத் தகரத் துண்டால் சுரண்டுவார். புகைக் குழாய்களுக்குள் நீளக் கம்பி பிரஷை விட்டு விட்டுக் கரி தட்டுவார். பித்தளைப் பாகங்களைச் செங்கல் பொடி போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பார். அச்சுக்கும் மூட்டுகளுக்கும் மூக்கு நீண்ட குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விளக்கெண்ணெய் விடுவார். வீட்டில் எனக்கும் விளக்கெண்ணெய் உண்டு, வயிறு கழுவுகிற நாளில், மூக்கைப் பிடித்து. என் தலையில் எண்ணெய் வைக்க மட்டும் அவருக்கு நேரம் வாய்த்ததே இல்லை.

ஒரே ஒரு தடவை என்னை அதன்மேல் உட்கார வையுங்கள் என்று எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். கிட்டே வந்தால் காலை ஒடித்துவிடுவேன் என்பார். மற்றபடி கடிந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர், இஞ்சின் என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். கரி அள்ளிப் போடும் சித்தப்பாவுக்குத்தான் அதன்மேல் இடம். அவர்கள் இருவரும் ராஜாக்கள் மாதிரி மேலே உட்கார்ந்து தெருவோடு போவார்கள். நான் வாசலில் நின்று வயிறெரிவேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் விஷயத்தைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. எங்கள் தெருக் கிணறுகளெல்லாம் உப்பு. குடிக்க மட்டும் அவள் வெகுதூரம் நடந்து ஒரு குடம் சுமந்து வருவாள். குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் உப்புத் தண்ணீர்தான். பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். சீயக்காய் தேய்த்துக் குளித்தாலும் முடி பிசுபிசுவென்று தேங்காய்நார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். என் தலையைச் சீவும்போது அம்மாவுக்கும் அழுகை வரும், எனக்கும் அழுகை வரும். இஞ்சினுக்கோ, ரயில் ரோட்டுக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து பீப்பாய் வண்டியில் நல்ல தண்ணீர் வரும். அதில் ஒரு சொம்பு எடுக்கக்கூடாது என்பது நைனாவின் கண்டிப்பான உத்தரவு. ஏன் என்று அவர் சொன்னதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பதில் பொருமினாள்.

அந்த வருஷம் மாசித் தேருக்கு முன்னால் திருவொற்றியூர் மாடவீதிகளைச் செப்பனிட்டார்கள். தேர்ச் சக்கரம் புதையாமல் ரோடு கெட்டியாக வேண்டும் என்று இஞ்சினுக்கு ஓய்வில்லாத வேலை. அதற்கு நடுவில், இஞ்சின் வயிற்றில் தண்ணீர் கொதித்து நீராவியாகும் கொப்பரையைக் கழுவும் முறை வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நெருப்பை அணைத்து, கொப்பரையை ஆறவிட்டு, அடியிலுள்ள சின்னக் கதவுகளைத் திறந்து, உள்ளே படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்து, அலசி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். வியாழக்கிழமை சாயங்காலமே சித்தப்பா பீப்பாயை நிரப்பி எங்கள் வீட்டு ஓரத்தில் வண்டியோடு நிறுத்திவிட்டார். மறுநாள் காலையில் நைனாவும் அவரும் கொப்பரையைச் சுரண்டப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் நாள். அம்மா என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போகாமல் பீப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடத்தை எடுத்துப் போய்ப் பீப்பாய்க் குழாயைத் திருகினாள்.

அப்படி ஒரு குளியலை நான் அதற்குமுன் குளித்ததில்லை. சீயக்காய் வழுவழுவென்று கரைந்து ஓடியது. சீப்பு எங்கேயும் சிக்கவில்லை. அம்மாவும் குளித்தாள், பருப்புக்கும் எடுத்தாள், ஆசை தீரத் துணியையும் அலசினாள். அப்புறம்தான் பீப்பாயில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத் திடுக்கிட்டாள். எங்கள் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து அதை விளிம்புவரை நிரப்பி வைத்தாள். நைனாவிடம் மூச்சு விடக்கூடாது என்றாள். நான் ஏன் மூச்சு விடப்போகிறேன்? சக்களத்தி இன்றைக்கு உப்புத் தண்ணீர் குடிக்கட்டும் என்று எனக்கு ஒரே குஷி. சித்தப்பா வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது நான் விரித்த கூந்தலோடு தெருவில் குதித்துக்கொண்டிருந்தேன்.

உச்சிப்பொழுதில் நைனா வந்தார். கை முழங்கைவரை கொப்பரைச் சேறு. சித்தப்பா பாதித் தண்ணீரை ஊற்றியிருந்தபோது ஒரு சொட்டு நைனாவின் உதட்டில் தெறித்து உப்புக் கரித்ததாம். எல்லாவற்றையும் திறந்து கொட்டிவிட்டு வந்திருக்கிறார். ஒருநாள் வேலை போயிற்று, இன்ஜினியர் துரை நடுரோட்டில் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறான். அதையெல்லாம் பிற்பாடு சித்தப்பா சொல்லித்தான் தெரியும். நைனா வாசலில் நின்று அம்மாவின் உலர்ந்து பறந்த கூந்தலைப் பார்த்தார். என்னுடையதையும் பார்த்தார்.

"பீப்பாயில கை வெச்சியா?"

"வெச்சேன். இன்னா இப்ப? அதுக்கு மட்டும் தேனு மாரி தண்ணி, பெத்த பொண்ணு தலைக்கு உப்புத் தண்ணியா? நீ அத்தயே கட்டிக்கினு கெட. வூட்டுக்கு எதுக்கு வர்ற?"

அடி விழும் என்று நான் கதவுக்குப் பின்னால் போனேன். விழவில்லை. அவர் நிலைப்படியில் உட்கார்ந்தார். குரல் எழும்பவே இல்லை.

"உப்புத் தண்ணி நொர கட்டும். கண்ணாடிக் கொழாயில தண்ணி கீற மாரியே காட்டும். உள்ள கொப்பர காஞ்சிகினு கெடக்கும், எங்களுக்குத் தெரியாது. காஞ்சா வெடிச்சிடும். அது மேலதான் நானும் தம்பியும் குந்திகினு கீறோம்."

எனக்கு இதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. ஆமாம், நீங்கள் இரண்டு பேரும்தான் குந்திக்கொண்டிருக்கிறீர்கள், என்னைத்தான் ஏற்றமாட்டேன் என்கிறீர்களே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இவ்வளவு கோபத்திலும் பெருமை அடித்துக்கொள்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டாள். நைனா மறுபடி தண்ணீர் கொண்டுவர ரயில் ரோட்டுப் பக்கம் போனார். பருப்பு வெண்ணெயாக வெந்திருந்தது. அம்மா சாப்பிடவில்லை. அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

அடுத்த முறை கொப்பரை கழுவ பீப்பாய் வந்தபோது, எங்களுக்கென்று தனியாக ஒரு குடம் நல்ல தண்ணீரும் வந்தது. நைனா அதை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றார். அம்மா குடத்தைத் தொடவில்லை. பீப்பாய்க் குழாயைத் திருகி உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து வாயில் விட்டுக்கொண்டாள். வெகுநேரம் வைத்திருந்து துப்பினாள். இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கி அதையும் பீப்பாயிலேயே ஊற்றிவிட்டு, "போயிட்டு வா" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் தலைக்கு வந்த தண்ணீரை அந்தக் கரிமூஞ்சிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே. அதுவரை நைனாவைத்தான் பிடுங்கி வைத்திருந்தது, இப்போது அம்மாவையும் மயக்கிவிட்டது. இனி இந்த வீட்டில் என் பக்கம் யாரும் இல்லை என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பரண் கிடுகிடுத்தது. கழுவித் துடைத்த இஞ்சின் பளபளவென்று எங்கள் தெருவழியாக வந்தது. மேலே நைனா, அவர் பக்கத்தில் சித்தப்பா. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து வாசலில் நின்றாள். அது தெருக்கோடியில் திரும்பி மறைந்த பிறகும், சத்தம் தேய்ந்து நின்ற பிறகும், அவள் அசையவில்லை. இஞ்சினைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் அவள் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.