பன்னிரண்டாம் தேதிப் பாக்கெட்டுகள்

ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் முந்திரி ஆலையில் சந்தனமேரி பதினோரு வருஷம் கொட்டை உடைத்தாள். ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்திருக்கும். வேலை பார்த்துக்கொண்டே தபால்வழியில் பி.காம். முடித்தாள். முதலாளி குணசேகரன் அவளை ஆபீசுக்கு மாற்றினார். முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடுமுன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

"அழுக்கில்ல மேரி, தோலே அப்படி ஆயிருச்சு" என்றேன்.

"கீபோர்டு புதுசுண்ணே" என்றாள்.

நான் திருமுருகன். சரக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஆலையின் சாப்ட்வேரை அவளைவிட மூன்று வருஷம் முன்னாலேயே பழகியவன் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, சல்லடையில் கம்பி அறுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கடைசியாகப் பன்னிரண்டாம் தேதி சலித்த பருப்பில் கம்பித் துண்டு விழுந்திருக்கலாம். முதலாளி பதறிப்போனார். "அன்னைக்குப் போட்ட பாக்கெட் யார் யார்ட்ட போயிருக்கோ, அத்தனை பேருக்கும் போன் போட்டுத் திருப்பி வாங்குங்க!"

நான் புது ரிப்போர்ட் ஒன்று தயார்செய்து, ஃபில்டரில் பன்னிரண்டாம் தேதியைப் போட்டேன். ஒன்பது கடைகள் வந்தன. பிரிண்ட் எடுத்து நீட்டினேன். சந்தனமேரி பெயர்களைப் பார்க்கவில்லை. அடியிலிருந்த கூட்டுத்தொகையைத்தான் முதலில் பார்த்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நூத்தி இருவது பாக்கெட் போட்டாக. இதுல எழுவத்தெட்டுதான இருக்கு?"

அவளே திரையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க குடுத்திருக்கது லோடு ஏத்துன தேதி. நமக்கு வேண்டியது பாக்கெட் போட்ட தேதி. அன்னைக்கு அடைமழை. அறந்தாங்கி வண்டி மறுநாள்தான போச்சு?"

ஃபில்டரைப் பாக்கெட் போட்ட தேதிக்கு மாற்றினாள். சம்பந்தமில்லாத இரண்டு கடைகள் விழுந்து, ஏழு கடைகள் புதிதாக வந்தன. மொத்தம் நூற்றுப் பதினாலு பாக்கெட். எனக்கு அதுவே போதும் போலிருந்தது. அவள் விடவில்லை.

"இன்னும் ஆறு எங்கண்ணே?"

வழக்கம்போல 'மொத்த வியாபாரிகள் மட்டும்' என்று இன்னொரு ஃபில்டர் போட்டிருந்தேன். அதை எடுத்ததும் கடைசி வரி வந்தது: லியோ, அறந்தாங்கி, நேரடி விற்பனை, ஆறு பாக்கெட். போன் நம்பரும் இருந்தது.

கடைகளுக்கு நான் பேசி, திருப்பி அனுப்பச் சொன்னேன். லியோவுக்கு அவள் பேசினாள். அவன் கத்தார் போவதற்காகத் திருச்சி ஏர்போர்ட் பஸ்ஸில் கீரனூர் தாண்டிக்கொண்டிருந்தான்.

"பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிட்டேங்க்கா. அங்க ரூம்ல பயலுவ முந்திரிக்குன்னே காத்துக்கிருக்கானுவ."

"அவுங்க தொண்டையில கம்பி சிக்குனா தாங்குவீங்களா தம்பி? அவிழ்த்துருங்க. வேற பாக்கெட் நான் சேர்ப்பிக்கிறேன், இது எம் பொறுப்பு."

"சரிக்கா, வழியனுப்ப மச்சான் வந்திருக்காரு. அவர்ட்ட குடுத்து விடுறேன்" என்றான்.

மறுநாள் அந்த மச்சான் பீட்டர் ஆறு பாக்கெட்டையும் கொண்டுவந்தார். மேசையில் தாள் விரித்துக் கொட்டினோம். ஐந்தில் ஒன்றுமில்லை. ஆறாவதில் நகக்கண் நீளத்துக்கு ஒரு கம்பி மின்னியது. சந்தனமேரி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதலாளி விசாரித்தபோது, "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் பாத்தோம்" என்றாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "இல்லைங்க, நான் எடுத்தது தப்பு. மேரிதான் கண்டுபிடிச்சுச்சு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எந்த ரிப்போர்ட்டும் அவள் கண்ணில் படாமல் வெளியே போவதில்லை. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

அடுத்த வாரம் கத்தார் போன இன்னொருவர் கையில் ஆறு புதுப் பாக்கெட்டைச் சேர்ப்பித்தாள். லியோ ஒரு படம் அனுப்பினான். குறுகலான அறையில் லுங்கியோடு எட்டுப் பேர், நடுவில் ஒரு தட்டு நிறைய முந்திரி. அவள் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இவுக எல்லாம் எந்தெந்த ஊருண்ணே?" என்றாள். "லியோ தம்பியக் கேட்டுச் சொல்லச் சொல்லுவமா?"