உக்குவளைச் சாவடியில் ஹீமோகுளோபின்

யுத்தத்தின் கடைசி ஆண்டுகள். நான் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்தேன். தனியாகப் பஸ்ஸில் வர அம்மா விடமாட்டார். அதனால் விடுமுறைதோறும் அப்பா எங்கள் ஊரான இரத்தோட்டையிலிருந்து வந்து என்னை அழைத்துப் போவார். அவர் தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். இந்தப் பயணங்களுக்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார்.

அன்று உக்குவளைச் சாவடியில் படையினர் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் பையில் ஒரு சிடியும் ஓர் அச்சுத்தாளும் இருந்தன. சிடியில், புரதங்களின் வடிவத்தைத் திரையில் காட்டும் மென்பொருள். தாளில், அதற்கு நான் எழுதிய ஆங்கிலக் கட்டளைகள்: எல்லாவற்றையும் மறை; ஏ சங்கிலியைத் தேர்ந்தெடு; இரும்பைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் சிவப்பாக்கு.

தாளைப் படித்த அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "யாரை மறைக்கிறீர்கள்? இந்தச் சங்கிலியில் எத்தனை பேர்?"

இரத்தத்திலுள்ள புரதம் என்றேன். அவர் நம்பவில்லை. என் அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கடைசியில், எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போய்ச் செய்து காட்டச் சொன்னார்கள். கடைக்காரர் முஸ்லிம். "பயப்படாம போடுங்க மகள். மெஷின் கொஞ்சம் மெதுவாத்தான் வேல செய்யும்" என்றார். அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஓர் எழுத்தைத் தவறாக அடித்துவிட்டேன். கட்டளை ஏறவில்லை. அதிகாரி தாளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். மீண்டும் அடித்தேன். நான்கு சங்கிலிகள் சிக்கலாய்க் கிடந்த ஹீமோகுளோபின் மறைந்து, ஒரே ஒரு சங்கிலி நின்றது. அதன் நடுவில், இரும்பைச் சுற்றிச் சிவந்தது.

"இது எதற்கு?"

"ஒட்சிசன் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க."

அவர் தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போகச் சொல்லிக் கையசைத்தார்.

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். அப்பாவின் வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"இனிமே எதையும் எழுதிக் கொண்டாராத புள்ள. மனசுல வச்சிக்க."

"நெறைய வரி இருக்குப்பா."

"இருந்தா என்னா? பாடமாக்கிக்க."

அந்த விடுமுறை முழுவதும் கட்டளைகளை நினைவிலிருந்து எடுத்துப் பாடமாக்கினேன். திரும்பும்போது சிடியையும் வீட்டில் வைத்துவிட்டேன்; பையில் உடுப்பு மட்டும்தான் இருந்தது. அப்பா அதையும் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் ஜிப்பை மூடினார்.