பச்சைமுத்துவின் வலது கன்னம்

கடைவாயில் ஈயக்குண்டை வைத்து நறுக்கென்று கடித்தார் பச்சைமுத்து. வீச்சுவலையின் விளிம்புக் கயிற்றைக் குண்டு இறுகப் பிடித்துக்கொண்டது. அடுத்த குண்டு வலது கன்னத்துக்குள் தயாராக இருந்தது. ஒரு பிடி குண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டுதான் அவர் வலை கட்டுவார், படகு தள்ளுவார், மனைவி தெய்வநாயகியோடு சண்டையும் போடுவார்.

"கொறடு கீதே, அத்த எடுத்துக்கினா இன்னா?" என்பாள் அவள்.

"கொறடு துருப்புடிக்கும். பல்லு துருப்புடிக்குமா?"

எண்பத்து நாலில் சென்னையிலிருந்து குணசுந்தரி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். பழவேற்காடு ஏரிச் சேற்றில் ஈயம் கலக்கிறதா, கலந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். படகு தள்ளவும் சேறு அள்ளிக் கொடுக்கவும் இவரைத்தான் அமர்த்தினாள். "ஈயம் விஷம். சேத்துல சேர்ந்தா மீனுக்கும் ஏறும்" என்று அவள் சொன்னதும் மனுஷர் ஆடிப்போய்விட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் பொன்னேரிச் சந்தையில் பழவேற்காட்டு இறாலை நாய்கூடச் சீந்தாது. ஊரே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அன்றே துப்பறியக் கிளம்பிவிட்டார். ஆரம்பாக்கம் போய் லாரிப் புகையை முகர்ந்து பார்த்தார். எளாவூர் சோதனைச் சாவடியில் "பேட்டரி ஏத்திக்கினு போறியா?" என்று டிரைவர்களை மறித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிரியாணி தேக்சாவுக்கு ஈயம் பூசும் கௌஸ் மைதீனிடம், "நீதாம்ப்பா ஏரியக் கெடுக்குற" என்று மல்லுக்கு நின்றார். அந்த நல்ல மனிதர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

சோதனை முடிவு வந்தது. சேறு எடுத்த இடமெல்லாம் ஈயம். மனுஷ வாடையே இல்லாத நடு ஏரியிலும் ஈயம். குணசுந்தரிக்குத் தலை சுற்றியது. மறுபடி படகேறினாள். வழக்கமாக அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து இடத்தைக் குறித்துக்கொண்டிருப்பவள், அன்று தற்செயலாகத் திரும்பினாள். பச்சைமுத்து வாயிலிருந்து ஒரு குண்டை எடுத்து வலையில் கோத்துவிட்டு, அதே கறுத்த விரல்களால் சேற்றை வழித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் குடுத்த பிளாஸ்டிக் கரண்டி எங்கேங்க?"

"அதுல பாதி சேறு ஒட்டிக்கினு வீணாப்பூடுதும்மா. படிக்கிற புள்ள, பாவம். கையாலன்னா நல்லா வழிச்சிக் குடுக்கலாம்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் தேடின ஈயம் உங்க விரல்ல இருந்துதான் வந்திருக்கு! வாயில வேற வெச்சிருக்கீங்களே, மொதல்ல துப்புங்க!"

"அப்போ ஏரிக்கு ஒண்ணும் இல்லியா?"

"இப்போதைக்கு ஏரி மேல பழி இல்ல. திரும்ப எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

பச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இறால் பிழைத்ததே, அது போதும். படகின் விளிம்பில் குனிந்து, துப்புவதற்கு வாயைக் குவித்தார். கீழே தண்ணீர் தெளிந்து கிடந்தது. ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு குண்டுகளைப் பத்திரமாக வலது கன்னத்துக்கே ஒதுக்கிக்கொண்டு, கோலை ஊன்றிப் படகைத் தள்ளினார்.